ஒளி மங்கினாலே டி.என்.ஏ. ஒட்டிவிட்டது என்று பொருளல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நானோ பொருள்களைக் கொண்டு நோய்க்கிருமியின் டி.என்.ஏ.வைச் சில நிமிடங்களில் கண்டுபிடிக்கலாம் என்று தங்கள் அறிவியல் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தோம். இந்தத் துறையைப் பற்றித் தமிழில் எழுத ஆள் கிடைப்பதே அரிது. அந்த வகையில் மகிழ்ச்சி. அடிப்படை விளக்கத்திலும் பிழையில்லை. ஆனால், காசநோய்ப் பரிசோதனைக்கு இனி பி.சி.ஆர். (டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்கிக் கண்டறியும் முறை) தேவைப்படாது என்ற முடிவுக்குக் கட்டுரை தாவிவிட்டது. இடையில் விடுபட்டவற்றை, இதே சோதனையை ஆய்வகத்தில் செய்கிறவர்கள் என்ற முறையில், அளவுகளோடு எழுதுகிறோம். எம்.எஸ்சி. புராஜெக்ட்டாக இதைச் செய்யும் மாணவர்களுக்கும் உதவும்.

கிருமியின் டி.என்.ஏ.வில் ஒரு சிறு பகுதிக்கு இணையான ஒற்றை இழையைச் செயற்கையாகத் தயாரித்து, அதன் நுனியில் ஒளிரும் சாயம் ஒன்றைக் கட்டுகிறோம். இதுதான் புரோப். பக்கத்தில் ஒரு ‘தணிப்பான்’ இருந்தால் சாயம் வாங்கிய ஆற்றல் ஒளியாக வெளியேறும் முன்பே தணிப்பானுக்குப் போய்விடும், ஒளி வராது. தேடும் டி.என்.ஏ. வந்து புரோபுடன் இணைசேர்ந்ததும் சாயம் தணிப்பானைவிட்டு விலகுகிறது, ஒளி திரும்புகிறது. 1996-ல் சஞ்சய் தியாகியும் ஃபிரெட் கிரேமரும் வெளியிட்ட ‘மாலிகியூலர் பீக்கன்’ இந்த அடிப்படையில்தான் இயங்குகிறது. அது கொண்டை ஊசிபோல் மடிந்து கிடக்கும் இழை. ஒரு நுனியில் சாயம், மறு நுனியில் கரிம மூலக்கூறாலான தணிப்பான்.

இந்தத் தொழில்நுட்பம் நம் ஊர் மருத்துவமனைகளுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. அரசு மருத்துவமனைகளில் ‘சிபிநாட்’ என்று சொல்கிறார்களே, அந்த ஜீன்எக்ஸ்பெர்ட் கருவி 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையைப் பெற்றது. அதன் முதல் வகைச் சோதனையில் ஐந்து மாலிகியூலர் பீக்கன்கள், காசநோய்க் கிருமியின் ஆர்.பி.ஓ.பி. மரபணுவில் 81 எழுத்து (ஏ, டி, ஜி, சி என்னும் டி.என்.ஏ. அலகுகள்) நீளமுள்ள பகுதியைப் பங்குபோட்டுத் தேடுகின்றன. ஐந்தும் ஒளிர்ந்தால் கிருமி ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்குக் கட்டுப்படும். அந்தப் பகுதியில் எழுத்து மாறியிருந்தால் அந்த இடத்துக்குரிய புரோப் ஒளிராது, அல்லது தாமதமாக ஒளிரும். மருந்துக்கு எதிர்ப்பு இருக்கிறது என்று கருவி சொல்லும். அதாவது, கட்டுரை புதியது என்று சொன்ன ‘அணைந்து எரியும் ஒளி’ பி.சி.ஆருக்குப் போட்டி அல்ல, பி.சி.ஆருக்கு உள்ளேயே இருக்கிறது.

அப்படியானால் நானோ பொருள் எதற்கு? தணிப்பு எவ்வளவு முழுமையாக நடக்கிறது என்பதில்தான் விஷயம். 90 விழுக்காடு தணித்தால் மிச்சம் 10. ஒளி முழுதாகத் திரும்பினாலும் 10 மடங்குதான் கூடும். 99 விழுக்காடு தணித்தால் மிச்சம் 1. 100 மடங்கு கூடும். காகிதத்தில் 9 விழுக்காடு வித்தியாசம், கருவியில் பத்து மடங்கு. 2001-ல் டுபெர்ட்ரே, கலாம், லிப்ஷாபர் மூவரும் கரிமத் தணிப்பானுக்குப் பதிலாக 1.4 நானோமீட்டர் தங்கத் துகளைக் கட்டி, உணர்திறன் நூறு மடங்குவரை உயர்வதைக் காட்டினார்கள். அதன் பிறகு கார்பன் நானோ குழாய், 2009-ல் சீனாவின் ஃபூஜோவிலிருந்து கிராஃபீன் ஆக்சைடு (ஆக்சிஜன் ஏறிய மிக மெல்லிய கார்பன் தாள்), 2013-ல் சிங்கப்பூரிலிருந்து மாலிப்டினம் டைசல்ஃபைடு தாள் என்று வரிசையாக வந்தன. இவற்றில் நம் கல்லூரி ஆய்வகங்களுக்கு எளிதில் எட்டுவது கிராஃபீன் ஆக்சைடு. புரோபில் சாயம் மட்டும் இருந்தால் போதும், தணிப்பானைத் தனியே கட்ட வேண்டியதில்லை. ஒற்றை இழை தானாகவே தாளின் மேல் படிந்துகொள்கிறது. பச்சை, மஞ்சள், சிவப்பு என எந்தச் சாயத்தையும் ஒரே தாள் தணிக்கும். இரட்டை இழையில் எழுத்துகள் உள்ளே மறைந்துவிடுவதால் அது தாளில் பலமாக ஒட்டுவதில்லை.

செய்முறை நேரடியானது. 24 எழுத்து நீளமுள்ள, பச்சையாக ஒளிரும் ஃபேம் சாயம் கட்டிய புரோபை எடுத்துக்கொள்வோம். மொத்தக் கொள்ளளவு 100 மைக்ரோலிட்டர். அதில் 1 மைக்ரோமோலார் புரோப் 5 மைக்ரோலிட்டர்; இறுதிச் செறிவு 50 நானோமோலார் வரும். பத்து மடங்கு செறிவுள்ள பஃபர் (பி.எச்.சை நிலையாக வைத்திருக்கும் உப்புக் கரைசல்) 10 மைக்ரோலிட்டர்; இறுதியில் டிரிஸ் 25 மில்லிமோலார், பி.எச். 7.6, சோடியம் குளோரைடு 100, மக்னீசியம் குளோரைடு 5 மில்லிமோலார் இருக்குமாறு. இலக்கு டி.என்.ஏ.வை 0, 5, 10, 20, 30, 40, 50 நானோமோலார் எனப் படிப்படியாகச் சேர்த்து, மிச்சத்தைத் தண்ணீரால் நிரப்பி, 37 டிகிரியில் அரை மணி நேரம் விட வேண்டும். கடைசியாக, மில்லிலிட்டருக்கு 200 மைக்ரோகிராம் உள்ள கிராஃபீன் ஆக்சைடு 10 மைக்ரோலிட்டர். பத்து நிமிடம் கழித்துத் தட்டைக் குலுக்கி, 485-ல் தூண்டி 520 நானோமீட்டரில் படிக்கலாம். கறுப்புத் தட்டு வேண்டும். நிறமற்ற தட்டில் பக்கத்துக் குழியின் ஒளி கசியும்.

கிராஃபீன் ஆக்சைடின் அந்த அளவு, யாரோ ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதைப் பார்த்துப் போடுவதல்ல. தாளின் பரப்பும் ஆக்சிஜன் ஏறிய அளவும் ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும். இறுதிச் செறிவு மில்லிலிட்டருக்கு 0, 2, 5, 10, 15, 20, 30 மைக்ரோகிராம் என வைத்து, புரோப் மட்டும் உள்ள ஒரு வரிசையும், புரோபும் முழு அளவு இலக்கும் சேர்ந்த இன்னொரு வரிசையும் ஓட்ட வேண்டும். முதல் வரிசையை மட்டும் பார்க்கிறவர்கள் அதிகத் தணிப்பு வேண்டுமென்று தாளை அள்ளிப் போடுகிறார்கள். தாள் மிஞ்சிப்போனால் இரட்டை இழையும் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டத் தொடங்கும். தணிப்பு பிரமாதமாக இருக்கும், ஒளி திரும்பி வராது. இரண்டு வரிசைகளுக்கும் இடையிலான இடைவெளி எங்கே அதிகமோ அதுதான் சரியான அளவு.

எவ்வளவு தாள் போட்டாலும் தணிப்பு 92, 93-ஐத் தாண்டவில்லை என்றால் தாளைக் குறை சொல்லாமல் புரோபைப் பார்க்க வேண்டும். இழையோடு ஒட்டாத தனிச் சாயம் கலந்திருந்தால், டி.என்.ஏ. ஒட்டுவதுபோல் அது தாளில் ஒட்டாது. எப்போதும் ஒளிர்ந்துகொண்டே இருக்கும். எச்.பி.எல்.சி. முறையில் சுத்திகரித்த புரோபை வாங்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

இதைவிட அதிகமாக ஏமாற்றுவது அமிலம். ஹம்மர்ஸ் முறையில் கந்தக அமிலத்திலும் பெர்மாங்கனேட்டிலும் தயாரான கிராஃபீன் ஆக்சைடை நன்றாகக் கழுவாவிட்டால் அதில் அமிலம் தங்கிவிடும். ஃபேம் சாயத்தின் ஒளி பி.எச்.சைப் பொறுத்தது, 6.5-க்குக் கீழே இறங்கினால் தானாகவே பாதிக்கு மேல் மங்கும். தணிப்பு நடந்தது என்று நாம் எழுதிக்கொண்டிருப்போம். நடந்தது பஃபர் தோற்றுப்போனது. கலந்து முடித்த கரைசலில் ஒரு துளியை பி.எச். தாளில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கழுவும் நீர் நடுநிலைக்கு வரும்வரை சென்ட்ரிஃபியூஜ் செய்தோ, டயாலிசிஸ் பையில் சில நாள் வைத்தோ அமிலத்தை நீக்கலாம். கழுவிய தாளை உலரவிடக் கூடாது, உறையவிடவும் கூடாது. இரண்டிலும் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கட்டியாகிவிடும், பிறகு சானிகேட்டரில் (ஒலியலையால் கலக்கும் கருவியில்) வைத்தாலும் முழுதாகப் பிரியாது. பஃபரில் கலந்து சேமிப்பதும் கூடாது. உப்பு பட்டால் தாள்கள் திரளும். தண்ணீரில்தான் வைக்க வேண்டும்.

தங்கத் துகளில் வேறொரு பொறி இருக்கிறது. 13 நானோமீட்டர் தங்கத் துகள் 520 நானோமீட்டர் ஒளியை மிகக் கடுமையாக உறிஞ்சும். ஃபேம் சாயம் ஒளிர்வதும் அதே இடத்தில்தான். கணக்குப் போட்டால், 10 நானோமோலார் தங்கக் கரைசலின் உறிஞ்சல் 1 சென்டிமீட்டர் கலத்தில் சுமார் 2.7, அதாவது 500-ல் ஒரு பங்கு ஒளிதான் மறுபக்கம் வரும். புரோப் துகளில் ஒட்டவே இல்லாவிட்டாலும் கருவியில் ஒளி மங்கும். விளக்கு எரிகிறது, குடத்திலிட்டதால் வெளியே தெரியவில்லை. உண்மையான தணிப்பு என்பது விளக்கே எரியாமல் இருப்பது. இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு: நிமிடத்துக்கு 14,000 சுற்றில் அரை மணி நேரம் சென்ட்ரிஃபியூஜ் செய்து, தெளிந்த மேல்நீரில் ஒளியை அளக்க வேண்டும். மேல்நீர் பழையபடி ஒளிர்ந்தால் எதுவும் ஒட்டவில்லை. இழையில்லாத வெறும் சாயத்தோடு அதே அளவு தங்கம் கலந்த கன்ட்ரோலும் (ஒப்பீட்டு மாதிரி) கூடவே ஓட வேண்டும். இந்த இரண்டும் இல்லாத தணிப்பு வரைபடத்தை நாங்கள் நம்புவதில்லை. கிராஃபீன் ஆக்சைடும் நிறமுள்ளதுதான்; அளவு கூடினால் அதற்கும் இது பொருந்தும்.

தங்கத்தில் கந்தக நுனி கொண்ட இழையை ஏற்றும்போது உப்பை ஒரே மூச்சில் சேர்த்தால் கரைசல் ஒயின் சிவப்பிலிருந்து ஊதாவாகி, பிறகு நீலமாகும். துகள்கள் திரண்டுவிட்டன என்று பொருள், அதைக் கொட்டிவிட வேண்டியதுதான். சில மணி நேர இடைவெளிகளில் 0.05, 0.1, 0.2 மோலார் என்று ஏற்ற வேண்டும். இழையின் கந்தக நுனியை விடுவிக்கப் பயன்படுத்தும் டி.டி.டி. (டைதயோதிரைட்டால்) கொஞ்சம் மிச்சமிருந்தாலும் அது இழைகளைத் தங்கத்திலிருந்து பெயர்த்துவிடும். ஒளி வரும், இலக்கே இருக்காது. பி.சி.ஆரின் 95 டிகிரிச் சூட்டிலும் இந்தப் பிணைப்பு தாக்குப்பிடிப்பதில்லை. தங்கத் துகள் அத்தனை நன்றாகத் தணித்தும் மருத்துவமனைக் கருவிக்குள் கரிமத் தணிப்பானே இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மேலே சொன்ன செய்முறையில் இலக்கையும் புரோபையும் முதலில் சேரவிட்டுப் பிறகு தாளைப் போட்டோம். படங்களில் வரைவது நேர்மாறாக: புரோப் தாளில் காத்திருக்கும், இலக்கு வந்து கழற்றிப் போகும். பார்க்க அழகு. ஆனால், இலக்கும் ஒற்றை இழைதானே? அதுவும் தாளில் ஒட்டும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜுவென் லியூவின் குழு இதைப் பொறுமையாக ஆராய்ந்து, இலக்கு தாளில் ஒட்டிப் புரோபை இடம்பெயர்த்துத் தள்ளுவதும் அங்கே பெருமளவு நடக்கிறது என்று காட்டியது. இடம்பெயர்ப்பதற்கு இணையான இழையாக இருக்க வேண்டும் என்பதில்லை. சம்பந்தமே இல்லாத டி.என்.ஏ.வும் செய்யும், புரதமும் செய்யும். ஆகவே அதே நீளமுள்ள, பொருந்தாத இழையை அதே செறிவில் சேர்த்த கன்ட்ரோல் இல்லாமல் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை.

இங்கேதான் சளிக்கும் பஃபருக்கும் உள்ள தூரம் தெரியும். இரத்தச் சீரத்தில் அல்புமின் மட்டுமே மில்லிலிட்டருக்கு சுமார் 40 மில்லிகிராம். அதில் நூறில் ஒரு பங்கு சோதனைக் குழாய்க்குள் வந்தாலும், நாம் போட்ட, மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம் தாளைவிட எடையில் 20 மடங்கு புரதம். அது தாளை மூடிக்கொண்டு புரோபைத் தள்ளும்; நோயே இல்லாதவரின் மாதிரியும் ஒளிரும். சளியில் கோழையும் செல் சிதைவுகளும் சேர்ந்துகொள்ளும். டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்யாமல் இந்தச் சோதனை ஓடாது; அதற்குப் பிடிக்கும் நேரத்தையும் சேர்த்தால் ‘சில நிமிடம்’ என்பது நிற்காது. சுத்தம் செய்த பிறகும் கிருமியின் டி.என்.ஏ. இரட்டை இழையாகவே இருக்கும். 95 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்துச் சட்டென்று ஐஸில் போட்டுப் பிரித்தாலும், நீளமான இழையின் இரு பக்க வால்களும் தாளில் ஒட்டி இழுக்கும். 24 எழுத்துச் செயற்கை இலக்கில் கிடைத்த ஒளி அங்கே கிடைக்காது.

ஓர் எழுத்து மாற்றத்தையும் கண்டுபிடிக்கும் என்று கட்டுரை சொன்னது. ரிஃபாம்பிசின் எதிர்ப்பில் அடிக்கடி காணப்படுவது 531-ஆம் இடத்தில் டி.சி.ஜி. என்ற மூன்றெழுத்து டி.டி.ஜி. ஆவது; ஒரே ஓர் எழுத்து. 24 எழுத்துப் புரோபில் 23 பொருந்தினால் 37 டிகிரியில் இழை தயங்காமல் இணைசேரும். பொருந்தியதற்கும் பொருந்தாததற்கும் ஒளியில் பெரிய வேறுபாடு இராது. காசநோய்க் கிருமியின் மரபணுத் தொகுப்பில் ஜி, சி எழுத்துகள் சுமார் 65 விழுக்காடு. பிடி இன்னும் இறுகும். புரோபை 15 முதல் 18 எழுத்தாகக் குறைத்து, மாறும் எழுத்தை நடுவில் வைத்து, உருகுநிலைக்கு (இணைந்த இழைகள் பிரியும் வெப்பநிலைக்கு) சற்றுக் கீழே வெப்பத்தை நிறுத்தினால் வேறுபாடு தெரியத் தொடங்கும். சாயத்துக்கு அடுத்த எழுத்து ஜி ஆக இருக்கக் கூடாது. ஜி தானே ஃபேமின் ஒளியை மங்கவைக்கும்.

இனி, எல்லாவற்றையும்விடப் பெரிய கணக்கு. பெருக்கம் செய்யாத கிராஃபீன் ஆக்சைடு சோதனை நல்ல கையில் 1 நானோமோலார்வரை இறங்கும் என்று வைத்துக்கொள்வோம். 100 மைக்ரோலிட்டரில் 1 நானோமோலார் என்றால் 6,000 கோடி இழைகள். ஜீன்எக்ஸ்பெர்ட், ஒரு மில்லிலிட்டர் சளியில் நூற்றுச் சொச்சம் கிருமிகள் இருந்தாலே பிடிக்கும். அதன் ‘அல்ட்ரா’ வகை 16 அளவுக்கு இறங்கும். இடைவெளி பல கோடி மடங்கு. தணிப்பை மேம்படுத்தி இதை நிரப்ப முடியாது: 50 நானோமோலார் புரோபில் 97 விழுக்காடு தணிந்தாலும் மிச்சமுள்ள 3 விழுக்காடு, 1.5 நானோமோலார் எரியும் புரோபுக்குச் சமம். 1 நானோமோலார் இலக்கு தரும் ஒளி அந்தப் பின்னணியைவிடக் குறைவு. இழையை நுனியிலிருந்து வெட்டும் எக்சோநியூக்ளியேஸ் நொதியைக் கொண்டு ஒரே இலக்கைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். சம வெப்பநிலைப் பெருக்கமும் செய்யலாம். இவற்றால் எல்லை வெகுவாக இறங்கும், உண்மைதான். ஆனால் அப்போது வேலையைச் செய்வது பெருக்கம். நானோ தாள் கடைசியில் விடையைப் படித்துச் சொல்கிறது, அவ்வளவே. அந்த வாசிப்பு வேலையை அது மலிவாகவும் நன்றாகவும் செய்கிறது. அதில்தான் இதன் எதிர்காலம் இருக்கிறது என்பது எங்கள் கருத்து.

கண்டறியும் எல்லை என்று அச்சாகும் எண்ணிலும் கவனம் வேண்டும். வெற்று மாதிரியின் திட்ட விலக்கத்தை மூன்றால் பெருக்கி, நேர்கோட்டின் சாய்வால் வகுத்துப் பெறும் எண் அது. 5 நானோமோலாருக்குக் கீழே ஒரு மாதிரியைக்கூடச் சோதிக்காமல் 0.1 என்று எழுத இந்தச் சூத்திரம் இடம் கொடுக்கும். உண்மையில் சோதித்த மிகக் குறைந்த செறிவு எது என்று கேட்பதே சரியான கேள்வி.

தங்களிடம் எங்கள் வேண்டுகோள் இரண்டு. இத்தகைய செய்தி வரும்போது, சோதித்த மிகக் குறைந்த செறிவு, அது பஃபரிலா நோயாளியின் மாதிரியிலா, பெருக்கம் உண்டா என்ற மூன்றையும் செய்தியின் உள்ளேயே அச்சிடுங்கள்; இரண்டு வரி போதும். அடுத்து, வெளியான கட்டுரைக்கு ஒரு திருத்தம் தேவை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ள ஒருவர் அதைப் படித்துவிட்டுப் புதிய சோதனை வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அரசு மருத்துவமனைகளில் சளி கொடுத்தால் சிபிநாட் போன்ற மூலக்கூறு சோதனைக்குக் கட்டணம் இல்லை என்பதையும், கட்டுரை விவரித்த சோதனை இன்னும் ஆய்வகத்தில்தான் இருக்கிறது என்பதையும் அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உயிர்வேதியியல் ஆய்வக வாசகர்கள்,
திருச்சி